லாரி டர்போசார்ஜரை ஜெட் என்ஜினாக்கலாமா?

மாறன்:
சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் மாமாவின் பட்டறையில், டீசல் லாரியிலிருந்து கழற்றிய டர்போசார்ஜர் ஒன்று கிடக்கிறது. காற்றை அழுத்தும் கம்ப்ரசரும், சூடான வாயுவால் சுழன்று அதை ஓட்டும் டர்பைனும் அதில் ஏற்கெனவே ஒரே தண்டில் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே ஓர் எரிப்பறையைச் செய்து பொருத்திவிட்டால், பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாளில் மட்டுமே வரைந்த பிரேட்டன் சுழற்சியை (காற்றை அழுத்தி, எரித்துச் சூடாக்கி, விரியவிட்டு வேலை வாங்கும் ஜெட் என்ஜின் முறையை)க் கண்ணெதிரே ஓடவைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

கதிரேசன்:
வேண்டாம் தம்பி. அந்தத் தண்டு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழலும்போது அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. லாரியில் அந்த எண்ணெய்க்கு அழுத்தத்தை என்ஜினின் பம்பு தருகிறது. உன் மேசையில் எது தரும்? ஜெட் என்ஜின் முன்னோடி ஃபிராங்க் விட்டில் 1937 ஏப்ரல் 12 அன்று தம் என்ஜினை முதன்முதலில் ஓட்டியபோது, எரிபொருள் வால்வை மூடிய பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனது. உள்ளே தேங்கிய எரிபொருளே காரணம்.

வேணி:
ஐயா, அதற்கு விடை இருக்கிறது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகச் சமையல் எரிவாயுவை ஆவியாகவே செலுத்தினால் தேங்குவதற்குத் திரவமே இராது. எண்ணெய்க்குத் தனி மின்பம்பும், அழுத்தம் குறைந்த கணமே எரிவாயுவை அடைக்கும் வால்வும் வைக்கலாம். உண்மையில் கடினமானது எரிப்பறைக்குள் சுடர் எரியும் துளையிட்ட குழாயான சுடர்க்குழாய்தான்: துளைகளின் அளவையும் இடத்தையும் சரியாக அமைத்து, காற்றில் ஒரு பகுதியை மட்டும் எரியவிட்டு, மீதியைச் சுடருக்குப் பின்னால் கலக்கவிட்டால்தான், ஏறத்தாழ 2,000 டிகிரி வெப்பம் டர்பைன் தாங்கும் 700 டிகிரி அளவுக்குத் தணியும். நாளை சிலேத்தாரிலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில் ட்ரெண்ட் விமான என்ஜின் பூட்டும் வேலைக்குப் போகக்கூடிய மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கதிரேசன்:
எரிவாயுவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தண்டிலுள்ள சக்கரம் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில் தெறிக்கும். அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் சுவருக்கு அப்பால் வேறொருவர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார். அவருடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? இன்னொன்றையும் கேட்கிறேன்: அந்த டர்போவை ஏன் கழற்றினார்கள்?

மாறன்:
மாமாவிடம் இப்போதுதான் கேட்டேன், ஐயா. எண்ணெய் கசிந்து எரிவதன் அடையாளமான நீலப் புகை வந்ததால் கழற்றினாராம். தண்டை விரலால் அசைத்துப் பார்த்தேன். சக்கரம் உறையில் உரசுகிறது. இதை ஓட்டப் போவதில்லை. சுடர்க்குழாயை மட்டும் செய்து, கல்லூரிக் கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் காற்றூதும் இயந்திரத்தின் காற்றில் எரித்துப் பார்க்க அனுமதி கேட்கிறேன். வேணி அக்கா, துளைகளை எப்படிப் பங்கிடுவது?

வேணி:
மொத்தத் துளைப் பரப்பில் 30 விழுக்காட்டை சுடர் பற்றும் முதல் மண்டலத்துக்கும், 20 விழுக்காட்டை எரிதல் முடியும் அடுத்த மண்டலத்துக்கும், மீதிப் பாதியைக் குளிர்விப்பதற்கும் ஒதுக்குவது வழக்கம். அங்கிருந்து தொடங்குங்கள்.