வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு புண்ணாகாதா?

கேள்வி:
68 வயதாகும் என் தாயார் முழங்கால் வலிக்காக டைக்ளோஃபெனாக் 50 மி.கி. மாத்திரையை மூன்று மாதங்களாக நாளுக்கு இரு வேளை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி உட்கொண்டு வருகிறார். இதயத்திற்காக 75 மி.கி. ஆஸ்பிரினும் உண்டு. சாப்பிட்ட பிறகே போடுவதாலும், மேலுறை உள்ள அந்த மாத்திரை குடலில்தான் கரையும் என்று கடைக்காரர் சொன்னதாலும், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியாக நம்புகிறார். இரண்டு வாரங்களாக மேல்வயிற்றில் எரிச்சல் இருக்கிறது. அவர் நம்புவது சரிதானா?

மறுமொழி 1:
சரியன்று. மாத்திரை இரைப்பையில் பட்டு அரிப்பது பாதிப்பின் சிறு பகுதிதான். இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலமே தின்றுவிடாதபடி காக்கும் சளிப்படலமும், அதில் ஊறி அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும், சுவருக்குள் ஓடும் ரத்தமும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சார்ந்திருக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதிலும் அதே வகைப் பொருளுக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் என்னும் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோஃபெனாக்கும் அவ்வகை மருந்துதான். அது ரத்தத்தில் கலந்து முழங்காலில் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும்போதே இரைப்பையிலும் குறைத்துவிடுகிறது. ஆகவே மேலுறை இருந்தாலும், ஊசியாகவே போட்டுக்கொண்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. வயது, ஆஸ்பிரின், நீண்ட நாள் பயன்பாடு ஆகிய மூன்றும் உங்கள் தாயாரிடம் ஒன்றுசேர்ந்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

மறுமொழி 2:
எரிச்சல் தெரிவதையாவது நல்லதாகக் கொள்ளுங்கள். என் தந்தைக்கு எந்த வலியும் இருக்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியதை முதுமை என்றே நினைத்திருந்தோம். மலம் தார்போலக் கறுத்துப் போன பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். கேமராக் குழாயால் இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் ரத்தம் கசியும் புண் தெரிந்தது.

கேட்டவர்:
அம்மாவுக்கும் மலம் கறுப்பாகத்தான் போகிறதாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார். எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி 1:
இரும்புச்சத்தாலும் கறுக்கும் என்பது உண்மைதான். ரத்தம் கலந்ததாயின் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருக்கும். ஆயினும் வீட்டில் பார்த்து முடிவு செய்யும் காரியம் இதுவன்று. டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தலைசுற்றலோ ரத்த வாந்தியோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்திற்கான மருந்தாதலால் அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் பொதுவாகவே உகந்ததன்று என்பதால், முழங்காலுக்குப் பாராசிட்டமாலோ மேற்பூச்சுக் களிம்போ போதுமா என்றும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் உணவுக்கு அரைமணி முன் தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள்.

கேட்டவர்:
ஆட்டோ சொல்லியாயிற்று. எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்கிறேன்.