தேன் தண்ணீரில் காளான் வித்து: வீட்டுக் குக்கரை நம்பி இறங்கலாமா?

மேலூர்_முத்து:
மாடியில் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வித்து வாங்க ஒவ்வொரு தடவையும் ஒத்தக்கடை வரை போக வேண்டியிருக்கிறது. வெயில் காலத்தில் பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் பை சூடேறிவிடுகிறது. தேன் கலந்த தண்ணீரில் காளான் இழையை வளர்த்து, அதைச் சிரிஞ்சில் எடுத்து நேராக வைக்கோல் படுக்கையில் விடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். லிக்விட் கல்ச்சர் என்று பெயர். வீட்டுக் குக்கரிலேயே முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

யானைமலை_குமார்:
தாராளமாக முடியும் தம்பி. ஆனால் வைக்கோலில் நேராக விடாதீர்கள். வைக்கோலை நாம் வெந்நீரில்தான் வேக வைக்கிறோம். அதில் எல்லாக் கிருமியும் சாகாது. அங்கே இனிப்புத் தண்ணீரை ஊற்றினால் காளானுக்கு முன்னால் மற்றதெல்லாம் சாப்பிட்டுவிடும். லிக்விட் கல்ச்சர் போக வேண்டிய இடம் குக்கரில் வெந்த சோளம். சோளத்தில் இழை படர்ந்து வித்தான பிறகுதான் படுக்கை.

செய்முறை இதுதான். அரை லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் தேன், அதாவது மூன்று தேக்கரண்டி. இனிப்பைக் கூட்டினால் இழை வேகமாக வளரும் என்று நினைக்காதீர்கள், மந்தமாகிவிடும். ஜாம் பாட்டிலில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். உள்ளே ஒரு கோலிக்குண்டு போட்டுவிடுங்கள், பிறகு ஆட்டும்போது இழையை அதுதான் உடைத்துக் கொடுக்கும். தகர மூடியில் இரண்டு துளை. ஒன்றில் பஞ்சை இறுக்கி அடைக்க வேண்டும், அது காற்றுக்கு. மற்றதை வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் சிவப்பு சிலிக்கான் பசையால் மூடி, ஒரு நாள் காயவிடுங்கள். ஊசி குத்தி எடுத்தாலும் அந்தத் துளை தானே மூடிக்கொள்ளும்.

மூடிக்கு மேல் அலுமினியத் தாள் சுற்றிக் குக்கரில் வையுங்கள். வீட்டுக் குக்கரின் வெயிட் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தில் தூக்கும், அப்போது உள்ளே 120 டிகிரி இருக்கும். விசிலை எண்ணாதீர்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து 20 நிமிடம். அதற்கு மேல் போனால் தேன் கருகும். அப்புறம் முக்கியமாக, வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடக் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் பாட்டிலுக்குள் தண்ணீர் பொங்கிப் பஞ்சு நனைந்துவிடும். நனைந்த பஞ்சு கிருமிக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி.

விளாச்சேரி_சாந்தி:
குமார் அண்ணே, குக்கர் கணக்கு சரி. ஆனால் தம்பிக்கு இந்த வழியைக் காட்டியது எனக்குச் சம்மதம் இல்லை. நான் சோளத்தில் வித்து செய்து சுற்று வட்டாரத்தில் கொடுக்கிறேன். சோள வித்தில் கெட்டது கண்ணுக்குத் தெரியும். ஒரு மூலையில் பச்சை படிந்தாலோ, சோளம் நீர்விட்டுப் புளித்த வாடை வந்தாலோ அந்தப் பையை மட்டும் தூக்கிப் போட்டால் போதும். திரவத்தில் அப்படி இல்லை. அரை லிட்டரில் எங்கோ ஒரு கிருமி புகுந்தால், ஆட்டிவிட்டதும் பாட்டில் முழுக்கப் பரவும். அந்தப் பாட்டிலிலிருந்து ஐம்பது பைக்கு ஊசி போட்டால் ஐம்பதும் போச்சு. வீட்டில் செய்கிறவர் தாங்குகிற நட்டமா அது?

யானைமலை_குமார்:
கெட்ட பாட்டில் தெரியாமல் போகாது சாந்தி. நல்ல பாட்டிலை ஆட்டி நிறுத்தினால் வெள்ளை இழைத் துணுக்குகள் மெல்ல அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். பாக்டீரியா விழுந்தது தெளியாமல் கலங்கியே கிடக்கும். விளிம்பில் பச்சை வளையம் கட்டினால் பூசணம். இதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

விளாச்சேரி_சாந்தி:
அந்த "பார்த்தால் தெரியும்" என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேனே சில சமயம் கலங்கலாக இருக்கும். கிருமி கொஞ்சமாக இருக்கும்போது தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். கடைத் தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது, இதில் தெளிவை வைத்து என்ன முடிவு செய்வது?

திருநகர்_லேப்:
மருத்துவ லேபில் வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு மில்லியில் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியலாம். சாந்தி அக்கா சொல்வது சரி. அதற்காக லிக்விட் கல்ச்சரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அகாரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் கடல்பாசிக் கூழில், சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள் என்பேன். 200 கிராம் உருளைக்கிழங்கை வேக வைத்து வடித்த சாற்றை ஒரு லிட்டராக்கி, 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் அகார் சேர்த்தால் தட்டுக்கு வேண்டியது தயார். வீட்டில் செய்ய மளிகைக் கடைக் கடல்பாசியே போதும், உறைகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் குக்கரில் வைத்து எடுத்து, ஆறிய தட்டில் கல்ச்சரில் இரண்டு சொட்டு விடுங்கள். பாக்டீரியா இருந்தால் இரண்டு நாளைக்குள் பளபளப்பான புள்ளியாகத் தெரிந்துவிடும். பூசணத்துக்கு இன்னும் சில நாள் பிடிக்கும்.

யானைமலை_குமார்:
லேப் தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அகார் ஊற்றத் தெரிந்தவர்தான் காளான் வளர்க்கலாம் என்று ஆக்கிவிடாதீர்கள். திரவத்தின் லாபத்தையும் சொல்ல வேண்டும். சோளப் பையில் ஒரு மூலையில் வித்து போட்டால் இழை அங்கிருந்து நடந்து வர வேண்டும். மூன்று மில்லி திரவத்தைத் தூவினால் பல இடத்தில் ஒரே நேரத்தில் பிடிக்கும். பை சீக்கிரம் நிறையும், பூசணத்துக்கு இடம் கிடைக்காது.

விளாச்சேரி_சாந்தி:
சீக்கிரம் நிறைவது உண்மை, அதை மறுக்கவில்லை. அந்த வேகம் நல்ல கிருமிக்கும் கெட்ட கிருமிக்கும் ஒன்றுதான். இன்னொன்று, பாட்டிலிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். தலைமுறை கூடக் கூட இழையின் வீரியம் குறையும், விளைச்சல் இறங்கும். ஒரு நல்ல கல்ச்சரைத் தனியாக எடுத்து வைத்து, அதிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் தொடங்க வேண்டும்.

தம்பி முத்து, சித்திரை வெயிலில் சிப்பிக்குப் போராடுவதற்குப் பதில் பால் காளான் போடுங்கள். 30 முதல் 35 டிகிரி அதற்கு ஒத்துப்போகும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-ல் வந்த ஏ.பி.கே. 2 நம்ம ஊர் வெக்கைக்கு ஏற்ற ரகம். பஸ்ஸில் வித்து சூடாகிறது என்ற கவலை பாதி குறையும்.

மேலூர்_முத்து:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பால் காளானும் யோசிக்கிறேன். ஆனாலும் லிக்விட் கல்ச்சர் ஒரு தடவை செய்து பார்க்கத்தான் போகிறேன். முதல் இழையைக் கொட்டகையில் இருக்கும் காளானிலிருந்தே எடுக்கலாமா? ஏ.சி. அறை எதுவும் இல்லை.

திருநகர்_லேப்:
எடுக்கலாம். ஏ.சி.யும் ஃபேனும் இல்லாமல் இருப்பதே நல்லது, காற்று ஓடினால்தான் தூசி விழும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் உள்பக்கம் துடையுங்கள். ஆல்கஹால் முழுதாகக் காய்ந்த பிறகுதான் பக்கத்தில் விளக்கு ஏற்ற வேண்டும். அன்று பறித்த இளங்காளானைக் கத்தியால் வெட்டாமல் கையால் இரண்டாகக் கிழியுங்கள். குடையும் தண்டும் சேரும் இடத்தில் உட்சதையை, நெருப்பில் காட்டி ஆறவைத்த பிளேடால் நெல் அளவு எடுங்கள். அதை நேரே தேன் தண்ணீரில் போடாதீர்கள். முதலில் அகார் தட்டில் வையுங்கள், சுத்தமாகப் படர்ந்தால் ஓரத்திலிருந்து ஒரு துண்டு பாட்டிலுக்குப் போகட்டும்.

யானைமலை_குமார்:
பாட்டிலைத் தினமும் ஒரு தடவை ஆட்டுங்கள், நிழலில் வையுங்கள். ஆட்டும்போது பஞ்சில் தண்ணீர் படக் கூடாது. சிப்பி என்றால் 25 டிகிரி பக்கம் இருப்பது நல்லது, அதனால் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குங்கள்.

விளாச்சேரி_சாந்தி:
தட்டு சுத்தமாக வந்தாலும் எல்லாப் பையிலும் ஒரே நாளில் ஊசி போடாதீர்கள் தம்பி. முதலில் இரண்டு பையில் மட்டும். சோளத்துக்கு 20 நிமிடம் பத்தாது, ஒன்றரை மணி நேரமாவது குக்கரில் இருக்க வேண்டும், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் வெள்ளையாக நிறைந்த பிறகு மீதியைப் பாருங்கள். அதுவரைக்கும் படுக்கைக்கு வித்து வாங்குவதை நிறுத்திவிட வேண்டாம்.