தேர்தல் பத்திரப் பட்டியலில் உங்களைக் குடைந்துகொண்டே இருக்கும் வரி எது?

பேரேடு

தேர்தல் பத்திரம்னா கம்பெனியோ தனி ஆளோ ஸ்டேட் பாங்க்ல வாங்கி, பேரு வெளிய தெரியாம கட்சிக்குக் கொடுத்த தாள். யார் வாங்கினாங்க, எந்தக் கட்சி பணமாக்குச்சுன்னு 2024 மார்ச் 14 வெளியான பட்டியலைப் பத்தித்தான் கேக்கறேன். பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டத்தையே ரத்து செஞ்ச தீர்ப்பு, ஸ்டேட் பாங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, மார்ச் 11ல கோர்ட் மறுத்தது எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும், விட்டுடலாம். ஒரு வரி, ஒரு எண், ஒரு தேதி, அதை மட்டும் எழுதுங்க. "பணக்காரன் பூரா திருடன்"னு திட்ட வேற இடம் நிறைய இருக்கு.

முதல்ல என் பங்கு. வாங்கினவங்க பட்டியல் 337 பக்கம். அதுல ஃபியூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ்னு ஒரு பேரு ஆரம்பிக்குது. கீழே அதே பேரு, அதுக்குக் கீழே அதே பேரு. எதிர்ல 1,00,00,000. விரல் வலிக்கத் தள்ளினாலும் அந்தப் பேரு நகர மாட்டேங்குது. 1,368 வரி, 1,368 கோடி, நாட்டுலயே முதலிடம். கம்பெனி நம்ம கோயம்புத்தூர். தமிழ்நாட்டுல லாட்டரிக்குத் தடை வந்தது 2003ல. சீட்டு விக்க முடியாத மாநிலத்துல முகவரி வெச்சிருக்கற சீட்டுக் கம்பெனிதான் இந்தியாவுலயே பெரிய கொடையாளி.

ஊதா விளக்கு

எனக்கு வரி இல்லை, ஒரு மூலை. பத்திரத்தோட மேல் வலது மூலை.

2018 ஏப்ரல்ல தி குவிண்ட் செய்தியாளர் பூனம் அகர்வால் 1,000 ரூபாய் பத்திரம் ரெண்டு வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். சாதாரண வெளிச்சத்துல அந்த மூலை வெத்துத் தாள். புற ஊதா விளக்குல காட்டினா எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வரிசை மேலே எழும்பி வருது. பத்திரத்துக்குப் பத்திரம் வேற எண். உடனே நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்துச்சு: அது கள்ளப் பத்திரம் வராம இருக்கப் போட்ட பாதுகாப்புக் குறி, வாங்கினவர் பேரோடயோ கட்சிக் கணக்கோடயோ பாங்க் அதைக் குறிச்சு வைக்கறதில்லைன்னு.

ஆறு வருஷம் கழிச்சு, 2024 மார்ச் 21. கோர்ட் மறுபடி அதட்டின பிறகு ரெண்டு கோப்பு வருது. வாங்கினவர் பேருக்குப் பக்கத்துல அந்த எண். பணமாக்கின கட்சிக்குப் பக்கத்துலயும் அதே எண். குறிச்சே வைக்காத எண் எப்படி ரெண்டு பட்டியல்லயும் வந்து உக்காந்துச்சு? எனக்கு இது மட்டும் இன்னும் செரிக்கலை.

தாள்கட்டு

@ஊதா விளக்கு, அந்த எண்ணை வெச்சு சோடி சேர்க்கறதுல முக்கால்வாசிப் பேர் தப்புப் பண்றாங்க. யாரும் கேக்கலைதான். ஆனா வாட்ஸப்புல சுத்தற "யார் யாருக்குக் கொடுத்தாங்க" அட்டவணை பலதும் இந்தத் தப்போடதான் வருது, அதனால எழுதறேன்.

எண் மட்டும் போதாது. பத்திரத்துக்கு முன்னெழுத்து உண்டு. 1 கோடிக்கு ஓசி, 10 லட்சத்துக்கு டிஎல், 1 லட்சத்துக்கு ஓஎல், 10,000க்கு டிடி, 1,000க்கு ஓடி. (ஒரு கோடிக்கு "ஓசி"ன்னு பேரு வெச்ச மகராசன் தமிழனா இருக்கணும்.) ஒவ்வொரு மதிப்புக்கும் எண் வரிசை தனி. அதனால ஓசியில இருக்கற அதே எண் டிஎல்லயும் இருக்கும். எண்ணை மட்டும் வெச்சு எக்செல்ல வீலுக்கப் (தேடி எடுத்துச் சேர்க்கற ஃபார்முலா) போட்டா பத்து லட்சம் கொடுத்தவன் ஒரு கோடி வாங்கின கட்சியோட சோடி சேர்ந்துடுவான். முன்னெழுத்தையும் எண்ணையும் ஒட்டி ஒரே சாவி ஆக்கிட்டுத்தான் தேடணும்.

பிடிஎஃப்ல இருந்து எக்செல்லுக்கு இழுக்கும்போது தலைப்பு வரி பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும், முதல்ல அதைக் களையெடுங்க. தொகை காற்புள்ளியோட எழுத்தா வந்து விழும், கூட்டினா சைபர் காட்டும். காற்புள்ளியை நீக்கி எண்ணா மாத்தணும். கிளைக் குறியீட்டுல முன்னாடி இருக்கற சைபரை எக்செல் முழுங்கிடும். சென்னை மெயின் 00800, அது 800 ஆகும். கொல்கத்தா மெயின் 00001, அது வெறும் 1 ஆகி நிக்கும். இழுக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கட்டத்தை "எழுத்து"ன்னு மாத்தி வைங்க. இன்னொண்ணு, கிளையை வெச்சு ஊரைச் சொல்லாதீங்க. ஹைதராபாத் கம்பெனி ஹைதராபாத் கிளையிலதான் வாங்கணும்னு விதி ஒண்ணும் இல்லை.

இவ்வளவு செஞ்சும் சோடி கிடைக்காம கொஞ்சம் மிஞ்சும். அது உங்க தப்பு இல்லை. கோர்ட் கேட்டது 2019 ஏப்ரல் 12ல இருந்து. அந்தத் தேதியில இருந்து விற்றது 18,871 பத்திரம், பணமானது 20,421. வாங்கினதை விட மாத்தினது எப்படி அதிகம்னா, ஏப்ரல் 12க்கு முன்னாடி வாங்கினதைக் கட்சிகள் பிறகு போட்டிருக்கு. செல்லுபடி 15 நாள் ஆச்சே. அப்படி வாங்கினவங்க பேரு அந்தக் கோப்புல இருக்காது. விற்பனை தொடங்கின 2018 மார்ச்ல இருந்து அந்தத் தேதி வரைக்கும் வாங்கினவங்களும் இதுக்கு வெளியேதான்.

மேற்குமாசி

பேரேடு அண்ணே, உங்க வரியைப் படிச்சா 1,368ம் ஒரே கட்சிக்குப் போன மாதிரி தொனிக்குது. டீக்கடையிலயும் அப்படித்தான் பேசுறாய்ங்க, ஆளாளுக்கு அவன் பிடிக்காத கட்சி பேரைப் போட்டு. பிரிச்சுப் பார்த்துட்டுப் பேசுங்க. திரிணமூலுக்கு 542 கோடி. தி.மு.க.வுக்கு 509 கோடி. ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 154, பா.ஜ.க.வுக்கு 100, காங்கிரசுக்கு 50. மேற்கு வங்கத்துல லாட்டரி விற்பனை உண்டு, கணக்குப் புரியுது. தமிழ்நாட்டுல விற்பனையே இல்லை. அப்ப 509 எதுக்கு? அந்தக் கேள்வி சரியான கேள்வி. "எல்லாம் ஒருத்தனுக்கே போச்சு" சரியில்லாத பேச்சு.

அதோட, தி.மு.க. கொடையாளர் பேரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தானே கொடுத்துச்சு. மொத்தம் 656.5 கோடி, அதுல ஃபியூச்சர் 509, மேகா எஞ்சினியரிங் 105. தேர்தல் ஆணையப் பட்டியல்ல 639னு இருக்கேன்னு சண்டைக்கு வராதீங்க, தாள்கட்டு சொன்ன அதே ஏப்ரல் 12 சமாச்சாரம். அ.தி.மு.க.வும் பேரைச் சொல்லுச்சு, அவங்க வாங்கினதே 6.05 கோடிதான். 6,000 கோடிக்கு மேல வாங்கின பா.ஜ.க. தானா எந்தப் பேரையும் சொல்லலை.

பேரேடு

ஒரே கட்சின்னு நான் எங்க எழுதினேன்? கொடையாளின்னுதான் எழுதியிருக்கேன், மறுபடி படிங்க. மத்தபடி பிரிச்சுக் கொடுத்ததுக்கு நன்றி.

ஏழரை

பேரைப் பார்த்தாலே நான் எதைப் பத்திப் பேசுவேன்னு தெரிஞ்சிருக்கும். குவிக் சப்ளை செயின். 2021-22ல அந்த கம்பெனியோட நிகர லாபம் 21.72 கோடி. அதே வருஷம் வாங்கின பத்திரம் 360 கோடி. இந்த ரெண்டு எண்ணையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதிப் பாருங்க. அவ்வளவுதான் என் அனுபவம்.

இது எப்படி சாத்தியம்னு கேட்டா, கம்பெனிச் சட்டம் 182. முந்தைய மூணு நிதியாண்டு நிகர லாபத்தோட சராசரியில 7.5 விழுக்காட்டுக்கு மேல கட்சிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. 2017 நிதிச் சட்டம் அந்த வரம்பைத் தூக்கிடுச்சு. எந்தக் கட்சிக்குன்னு லாப நட்டக் கணக்குல பேரு போடணும்ங்கறதையும் சேர்த்துத் தூக்கிடுச்சு. நட்டத்துல ஓடற கம்பெனியும் கொடுக்கலாம்னு ஆச்சு. நட்டத்துல ஓடறவன் எங்க இருந்து கொடுப்பான்? வேற யாரோ அவன் வழியா கொடுக்கணும். வெத்துக் கம்பெனிக்கு வாசலைத் திறந்து விட்டதே இந்தத் திருத்தம்தான். 2024 தீர்ப்புல வரம்பை நீக்கினதும் சேர்ந்து செல்லாம போச்சு, இப்ப 7.5 திரும்ப வந்தாச்சு.

ஆகவே இனிமே ஒரு கம்பெனி மேல சந்தேகம்னா இப்படிப் பாருங்க. கம்பெனி விவகாரத் துறை தளத்துல 100 ரூபாய் கட்டினா அந்த கம்பெனி தாக்கல் செஞ்ச ஆவணங்களைப் பார்க்கலாம். ஏஓசி-4ங்கற படிவத்துல வரவு செலவுக் கணக்கு இருக்கும். முன்பக்க எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க, பின்னாடி குறிப்புகள்ல "இதர செலவுகள்"னு ஒரு குறிப்பு வரும், நன்கொடை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பல கம்பெனி சமூகப் பொறுப்புச் செலவுக்குப் பக்கத்துலயே இதையும் போடும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மூணு வருஷக் கணக்கை எடுத்து சராசரி போட்டு 0.075ஆல பெருக்குங்க. அடுத்து எம்ஜிடி-7 படிவம், அதுல பங்குதாரர், இயக்குநர் விவரம். இயக்குநர் அடையாள எண்ணை எடுத்து அவர் வேற எந்தெந்த கம்பெனியில இருக்கார்னு தேடுங்க. தொடங்கி மூணு நிதியாண்டு ஆகாத கம்பெனி கொடுத்தா அதுவே சட்டமீறல், சராசரி போடற வேலையே இல்லை. அரசு நிறுவனமும் கொடுக்கக் கூடாது. இயக்குநர் குழுக் கூட்டத்துல தீர்மானம் இல்லாம கொடுத்தாலும் தப்பு. மீறினா கொடுத்த தொகையில அஞ்சு மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாசம் வரை சிறை.

பெரிய குழுமங்களைத் தேடும்போது ஒரே பேர்ல தேடாதீங்க. கெவென்டர் ஃபுட்பார்க் 195, எம்.கே.ஜே. 192, மதன்லால் 185. மூணும் தனித்தனிப் பேரு, ஒரே முகவரி. கூட்டிப் பாருங்க, எங்க போய் நிக்குதுன்னு. அதே சமயம் முகவரி ஒண்ணா இருக்குன்னு மட்டும் வெச்சு முதலாளி இவர்தான்னு எழுதிடாதீங்க. குவிக்கோட முகவரியைப் பார்த்து ரிலையன்ஸ்னு எழுதினாங்க. குவிக் எங்க நிறுவனம் எதுக்கும் துணை நிறுவனம் இல்லைன்னு ரிலையன்ஸ் மறுத்துச்சு.

தேதிக்காரன்

2022 நவம்பர் 10, டெல்லி மதுக்கொள்கை வழக்குல அரபிந்தோ ஃபார்மா இயக்குநர் கைது. நவம்பர் 15, அந்த கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்குது. அது போய்ச் சேர்ந்தது பா.ஜ.க.வுக்கு. அடுத்த ஜூன்ல அந்த இயக்குநர் அப்ரூவர். நடுவுல இருக்கற அஞ்சு நாள்தான் எனக்கு.

மேற்குமாசி

தேதிக்காரரே, தேதி சரி. ஆனா அதே கம்பெனி கைதுக்கு முன்னாடியும் பத்திரம் வாங்கியிருக்கு, பி.ஆர்.எஸ்.சுக்கு 15 கோடி, தெலுங்கு தேசத்துக்கு 2.5 கோடி. முன்னதையும் சேர்த்துப் போட்டாத்தான் முழுப் படம்.

தேதிக்காரன்

முழுப் படத்தையே போடுவோம். கைதுக்குப் பிறகு ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு 25 கோடி, அதுவும் பா.ஜ.க.வுக்கு. இப்ப படம் மாறுச்சா?

மேற்குமாசி

மாறலை. நான் சொன்னது வேற, நீங்க சொல்றது வேற. அஞ்சு நாள்ங்கறது கேள்வி எழுப்பும், தீர்ப்பு ஆகாது. இதைச் சொன்னா உடனே "முதலாளிக்கு வக்காலத்து"ன்னு கிளம்பிடுவீங்க.

இருபதாயிரம்

ரெண்டு பேரும் செத்துப்போன பத்திரத்துக்கே மல்லுக்கட்டுறீங்க. பணம் இப்ப போற வழி தேர்தல் அறக்கட்டளை, அதாவது கம்பெனிகள்கிட்ட பணம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கற அமைப்பு. அதைப் பத்தி இங்க ஒரு வரி இல்லை.

என்னைக் குடையறது ப்ரூடண்ட் அறக்கட்டளையோட 2023-24 அறிக்கை. ஒரு பக்கம் கொடுத்த கம்பெனிகள், எவ்வளவுன்னு. இன்னொரு பக்கம் வாங்கின கட்சிகள், பா.ஜ.க.வுக்கு 723 கோடி, காங்கிரசுக்கு 156 கோடி. ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு. நடுவுல கோடு இல்லை. எந்த கம்பெனி காசு எந்தக் கட்சிக்குன்னு எழுதவே வேண்டாம். பத்திரத்துலயாவது ஊதா விளக்குல தெரியற ஒரு எண் இருந்துச்சு. இங்க எல்லாரும் ஒரே அண்டாவுல ஊத்தறாங்க, கரண்டியால மொண்டு கட்சிக்கு ஊத்தறாங்க.

விதி 2013ல வந்தது. அந்த வருஷம் வந்த பணத்துல 95 விழுக்காட்டை மார்ச் 31க்குள்ள கட்சிகளுக்குக் கொடுத்துடணும். அதனாலதான் அறிக்கையில தேதியைப் பார்க்கச் சொல்றது. ஒரு கம்பெனிகிட்ட இருந்து பெரிய தொகை வருது, ரெண்டு மூணு நாள்ல அதே அளவு ஒரு கட்சிக்குப் போகுதுன்னா குறிச்சு வைங்க. ஊகம்தான், ஆனா கையில இருக்கறது அவ்வளவுதான். நிதியாண்டுக் கடைசி வாரத்துல இதைச் செய்யாதீங்க. எல்லாமே அப்ப மொத்தமா கொட்டும், எதையும் எதோடயும் சோடி சேர்த்துடலாம்.

நேரடிக் கொடைக்கு 24ஏ படிவம். 20,000க்கு மேல கொடுத்தவங்க பேரைக் கட்சி வருஷா வருஷம் ஆணையத்துக்குத் தரணும். அதுக்குக் கீழ கொடுத்தா பேரு வேண்டாம். ரொக்கமா வாங்கினா 2,000 வரைக்கும்தான் கட்சிக்கு வரிவிலக்கு. பல கட்சி 24ஏவை ஸ்கேன் பண்ணி ஏத்தும், தேடினா எழுத்து சிக்காது. உக்காந்து தட்டணும், வேற வழியில்லை.

ஊதா விளக்கு

அண்டான்னதும் ஞாபகம் வருது. 2019 ஏப்ரல் 1ல இருந்து 2024 பிப்ரவரி 15 வரைக்கும் விற்றது 22,217, மாத்தினது 22,030. மிச்சம் 187 பத்திரம் 15 நாள்ல யாரும் பாங்க்ல போடாம, விதிப்படி பிரதமர் நிவாரண நிதிக்குப் போயிடுச்சு. யாராவது அந்த 187ஐத் தனியாப் பிரிச்சீங்களா? முன்னெழுத்து ஓசியா, ஓடியா?

தாள்கட்டு

வாங்கினவர் கோப்புலயே "நிலை"ன்னு ஒரு கட்டம் இருக்கு. பணமானதை வடிகட்டிட்டு மிச்சத்தைப் பாருங்க. ஏப்ரல் 1ல இருந்து 11 வரைக்கும் வாங்கினது அந்தக் கோப்புலயே இல்லை, அதனால 187ம் சிக்காது.