உம்பளாச்சேரி மாட்டின் இரத்தம் எடுத்துப் போகிறார்கள். வளர்ப்பவனுக்கு என்ன திரும்பி வருகிறது?

கடைமடைக்காரன் | காலை 6.10

தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக் கிராமம் எங்களுடையது. என்னிடம் இந்த டெல்டாவின் நாட்டு இனமான உம்பளாச்சேரியில் நான்கு பசுக்கள் இருக்கின்றன. போன வாரம் இரண்டு இளைஞர்கள் வந்து, மரபணு ஆய்வுக்காக மாடுகளின் கழுத்து நரம்பில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். தொட விடாமல் அனுப்பிவிட்டேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள்; அதனால் மனம் உறுத்துகிறது. ஆனால் காரணம் இருக்கிறது.

இதற்கு முன்பு இரண்டு முறை வெவ்வேறு ஆட்கள் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். காது வில்லை எண்ணைக் குறித்தார்கள், நெஞ்சைச் சுற்றி நாடா போட்டு அளந்தார்கள், நெற்றிச் சுட்டியைப் படம் பிடித்தார்கள். பிறகு ஒரு துண்டுத் தாள்கூட வரவில்லை. என் மாடு சுத்தமா, கலப்பா? கன்றுக்கு ஏதாவது குறை வருமா? ஒன்றும் தெரியாது. வேளைக்கு ஒரு லிட்டர் கறக்கிற மாட்டுக்கு முப்பது வருடமாக வைக்கோல் போடுகிறவன் கேட்கிறேன்: இந்த ஆராய்ச்சி யாருக்காக?

மன்னைக் கறவை | காலை 7.25

அண்ணா, நீங்கள் அனுப்பியது சரிதான் என்பேன், ஆனால் என் காரணம் வேறு. மன்னார்குடி அருகே ஆறு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்தப் பாலில்தான் நடந்தது. டெல்டாவில் மாடு வைத்துப் பிழைக்கிற பெண்களில் பலருக்கும் இதே கதைதான். எங்கள் மாட்டுக்கு மடிநோய் வருகிறது, மூன்று சினை ஊசி போட்டும் சினை நிற்பதில்லை. இதற்கு மரபணுவில் விடை உண்டா என்று தேட வேண்டியவர்கள், ஏர் உழுவதற்கென்று பிறந்த ஓர் இனத்தின் பின்னால் போகிறார்கள். உழவு டிராக்டருக்குப் போய் எத்தனை காலம் ஆயிற்று? உம்பளாச்சேரி அழகான மாடு, மறுக்கவில்லை. அழகுக்குத் தீவனம் போட எங்களால் முடியாது.

கோரையாற்றுக்காரர் | காலை 8.02

எனக்கு 74 வயது. உம்பளாச்சேரியை அடையாளம் காண இரத்தம் எதற்கு? கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்க வேண்டும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு காலிலும் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை. ஆறு மாதத்தில் சிவப்பு கரைந்து சாம்பல் ஏறும். இது போதாதா? சேற்றில் இறங்கினால் கால் பதறாது. முழங்கால் சேற்றில் பகல் முழுக்க நடக்கும். காளைக்குக் கொம்பு தீய்த்து மொட்டை மாடு என்று நாங்கள் வளர்த்ததும் இந்த மண்ணுக்காகத்தான். என் தகப்பனார் சுழி பார்த்தே தாயையும் தகப்பனையும் சொல்வார். அந்தக் கண் இருக்கும்போது ஊசி எதற்கு?

பாமணிக்கரை | காலை 9.40

கால்நடை மரபியல் படித்தவன். மூவருக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். முதலில் கடைமடை ஐயாவுக்கு: மாதிரி எடுத்தவர் முடிவைச் சொல்லாமல் போனது தவறு. அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன்.

கோரையாற்று ஐயா, உங்கள் கண்ணை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கண் பார்ப்பது தோலை. நிறத்தை முடிவு செய்வது மிகச் சில மரபணுக்களே. ஒரு ஜெர்சி ஊசி எப்போதோ நுழைந்து, பிறகு மூன்று தலைமுறை நாட்டுக் காளையோடே சேர்ந்திருந்தால், கன்று சுட்டியோடும் வெள்ளைக் காலோடும் பிறக்கலாம். உள்ளே பதினாறில் ஒரு பங்கு ஜெர்சி இருக்கும். அதை இரத்தம்தான் சொல்லும்.

இன்னொன்று. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத காளை எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டீன் என்னும் சீமைக் கறவை இனக் காளை, பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். அதன் மகள்கள் பாலைக் கொட்டின, 16,000 மகள்கள். உலகம் முழுக்க அதன் விந்து போயிற்று. அந்தக் காளையின் ஏபிஏஎஃப்1 என்னும் மரபணுவின் இரண்டு படிகளில், அதாவது தாய்வழி, தகப்பன்வழி வந்த இரண்டு நகல்களில், ஒன்று பழுது. ஒரு படி பழுதானால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பேரனும் பேத்தியும் இணைந்து இரண்டு படியும் பழுதாகச் சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். வளர்ப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் 'ஊசி போட்டும் நிற்கவில்லை' என்பதுதான்.

இதைப் பிடித்த விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 2011இல் ஆய்வாளர்கள் உயிரோடிருக்கும் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுத் தரவை வைத்து, 'எது இருக்கிறது' என்று தேடாமல் 'எது இல்லை' என்று தேடினார்கள். ஒரு குறிப்பிட்ட துண்டு ஒற்றைப் படியாகப் பல மாடுகளில் இருந்தது. இரட்டைப் படியாக ஒரு மாட்டில்கூட இல்லை. கணக்குப்படி இருந்திருக்க வேண்டிய மாடுகள் பிறக்கவே இல்லை என்று அதற்குப் பொருள். இழந்த கன்றுகள் உலக அளவில் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். எந்தச் சுழியிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை, ஐயா.

சகோதரி, சினை நிற்காமைக்குத் தீவனம், தாது உப்பு, பருவம் பார்த்த நேரம் என்று காரணம் பல. எல்லாவற்றையும் மரபணு மேல் போட மாட்டேன். ஆனால் நீங்கள் தேடச் சொன்ன விடைகளில் ஒன்று இப்படித்தான் கிடைத்தது.

ஓடம்போக்கி | காலை 10.15

திருவாரூரில் நாட்டு மாட்டுப் பாலை வீடு வீடாகக் கொடுக்கிறேன். ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நம் மாட்டுப் பால் ஏ2, சீமை மாட்டுப் பால் ஏ1. சர்க்கரை நோய், இதய நோய் எல்லாம் ஏ1 பாலால் வருகிறது. இதைச் சொல்லி இரட்டை விலைக்கு விற்றால் இனம் தானாகப் பிழைக்கும். மரபணு ஆய்வு இதை நிரூபித்துச் சான்றிதழ் கொடுக்கட்டும்.

பாமணிக்கரை | காலை 10.50

நாட்டு மாடு பிழைக்க வேண்டும் என்று உங்களைப் போலவே ஆசைப்படுகிறேன். அதனால்தான் இதைக் கடுமையாக மறுக்கிறேன். பாலிலுள்ள பீட்டா கேசீன் புரதத்தில் 209 அமினோ அமிலங்கள். 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. வேறுபாடு உண்மை. நம் மாடுகளில் ஏ2 மிகுதி என்பதும் உண்மை. ஆனால் ஏ1 பாலால் நோய் வருகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் எல்லா ஆய்வுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. 2024 ஆகஸ்டில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 என்று உறையில் அச்சிடக் கூடாது என்று உத்தரவிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. எருமைப் பாலும் ஏ2தான். ஜெர்சியிலும் ஏ2 கணிசமாக உண்டு. பயத்தைக் காட்டி விற்ற பொருள், பயம் தெளிந்ததும் தெருவுக்கு வரும். உம்பளாச்சேரியை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

ஓடம்போக்கி | காலை 11.05

பயம் காட்டவில்லை. குடிப்பவர்களுக்கு வயிறு உப்பவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: லிட்டருக்குக் கூடுதல் விலை இல்லாமல் இரண்டு லிட்டர் மாட்டை யார் வைத்திருப்பார்கள்?

மன்னைக் கறவை | பகல் 12.30

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆனால் ஓடம்போக்கி அண்ணா, என் பாலைக் குடித்தால் நோய் வரும் என்று ஊரெல்லாம் சொல்லி உங்கள் பாலை விற்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பிள்ளைகள் அதைத்தான் குடித்து வளர்ந்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு ஹோல்ஸ்டீன் கலப்புப் பசு இருந்தது. 14 லிட்டர் கறக்கும். கோடையில் காய்ச்சல் 106 டிகிரி. தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி; தொட்டால் உள்ளே நழுவியது. கண்ணின் உள்பக்கத்தை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. தைலேரியா என்றார் மருத்துவர், உண்ணி கொண்டு வருவது. பியூபார்வாகுவோன் ஊசி போட்டார். நாங்கள் தாமதித்துவிட்டோம், நான்காம் நாள் விடியற்காலை போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டு நாட்டுப் பசு, அதன் காதுமடலில் அதே உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. அது நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பாமணிக்கரை | பகல் 1.10

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, சகோதரி. நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்ததை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். சாஹிவால் என்னும் நாட்டு இனக் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் ஒரே தைலேரியா தொற்றைக் கொடுத்தபோது இரண்டு இனத்துக்கும் தொற்று ஏறியது. சாஹிவாலுக்குக் காய்ச்சல் குறைவு, நோயின் கடுமையும் குறைவு. கிருமி நுழையாமல் தடுப்பதில்லை. நுழைந்த பிறகு உடல் பதறாமல் நடந்துகொள்கிறது. அந்த நடத்தை எந்த மரபணுக்களில் இருக்கிறது என்று தெரிந்தால், அதை உங்கள் கலப்பினத்தில் நிறுத்திக்கொள்ளும் வழி பிறக்கும். உம்பளாச்சேரி அழிந்தால் தேடிப் பார்ப்பதற்கே பெட்டகம் இருக்காது. இந்த ஆய்வு உங்கள் ஆறு மாட்டுக்காகவும்தான்.

மன்னைக் கறவை | பகல் 1.35

பிறக்கும் என்கிறீர்கள். எப்போது? என் கறவை இன்று மாலையே பால் சங்கத்துக்குப் போக வேண்டும். இனத்தை வைத்திருப்பது நாட்டுக்கே நன்மை என்றால் செலவை நாடு ஏற்கட்டும். கொருக்கையில் அரசுப் பண்ணை இருக்கிறதே, அங்கே வளர்க்கட்டும். ஏழையின் கொட்டகையை ஏன் பெட்டகம் ஆக்குகிறீர்கள்?

கடைமடைக்காரன் | பகல் 2.20

தங்கச்சி கேட்டது நியாயம். ஆனால் பண்ணையில் மட்டும் வைத்தால் போதாது. 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய இரவு. கொட்டகை ஓடு பறந்தது. கயிற்றை அறுத்துவிட்டு எல்லா மாட்டையும் வெளியே விரட்டினேன். காலையில் மூன்று பசுக்கள் விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே, இடுப்பளவு நீரில், மேட்டைத் தேடி நின்றுகொண்டிருந்தன. பத்து நாள் நல்ல தீவனம் கிடையாது. ஊறின வைக்கோலையும் கோரையையும் தின்று கிடந்தன. ஒன்று அடுத்த மாதமே கன்று ஈன்றது. பண்ணையில் வேளாவேளைக்குத் தீனி தின்கிற மாட்டுக்கு இந்தக் குணம் எத்தனை தலைமுறை தங்கும்? ஒரே இடத்தில் வைத்தால் ஒரே புயலில் போகவும் போகும்.

கோரையாற்றுக்காரர் | மாலை 4.00

கடைமடைத் தம்பி சொன்னது சரி. அறுவடை முடிந்த தாளடி வயலில் அவிழ்த்துவிட்டு, கிடை போட்டு வளர்த்த மாடு இது. மேய்ச்சல் புறம்போக்கும் போயிற்று, காளைக்கு வேலையும் போயிற்று.

பாமணிக்கரைத் தம்பிக்கு ஒரு கேள்வி. பெண் கன்று மட்டும் பிறக்கிற ஊசி வந்திருக்கிறதாமே? காளைக்கன்று சந்தைக்குப் போகாமல் இருக்க அது நல்லதா?

பாமணிக்கரை | மாலை 4.45

கலப்பினம் வைத்திருப்பவருக்கு நல்லது. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் டிஎன்ஏ சுமார் 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி லேசரில் அடையாளம் கண்டு பிரிக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியாகப் பிறக்கும். உம்பளாச்சேரியில் அதை எச்சரிக்கையாகத்தான் பயன்படுத்த வேண்டும். பொலிகாளைகள் குறைந்து, நான்கைந்து காளைகளின் விந்தையே ஊரெல்லாம் போட்டால் சீஃப் கதை இங்கே நடக்கும். எண்ணிக்கை குறைந்த இனத்தில் இன்னும் வேகமாக.

எங்கள் தரப்பின் பெரிய குறையையும் சொல்கிறேன். 2024 அக்டோபரில் இந்திய மாடுகளுக்கென்றே கௌ சிப் என்னும் மரபணுச் சிப்பை வெளியிட்டார்கள். கன்றாக இருக்கும்போதே அதன் தரத்தைக் கணிக்க உதவும் கருவி. ஆனால் சிப் தானாக எதையும் கணிக்காது. எந்த மாடு எவ்வளவு கறந்தது, எத்தனை ஈத்து, எந்தக் காளைக்கு எந்தக் கன்று, எது நோயில் விழுந்தது என்ற கணக்கு ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் மரபணுவை அதோடு பொருத்திப் பார்க்க முடியும். சங்கத்தில் பாலை ஊற்றும் கலப்பினத்துக்கு ஓரளவு கணக்குக் கிடைக்கிறது. வீட்டுக்குக் கறந்து கன்றுக்கு விடும் நாட்டு மாட்டுக்கு யாரும் எழுதி வைப்பதில்லை. கணக்கு இல்லாத இரத்தம் பாதி ஆய்வுதான்.

கோரையாற்றுக்காரர் | மாலை 5.30

யார் சொன்னது யாரும் எழுதுவதில்லை என்று? 1987 தை முதல் நான் எழுதுகிறேன். நீலக் கோடு போட்ட மளிகைக் கணக்கு நோட்டு, ஐந்து சேர்ந்திருக்கிறது. தாய் பெயர், காளை யாருடையது, ஈன்ற நாள், கன்றின் சுட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, செத்தால் எதனால், எல்லாம் உண்டு. 'வெள்ளைச்சி மூன்று முறை காளைக்கு விட்டும் நிற்கவில்லை, காளை அவள் அண்ணன் மகன்' என்று ஒரு வரி இருக்கிறது. அன்று காரணம் தெரியாமல்தான் எழுதினேன். கஜாவில் ஒரு நோட்டு நனைந்து மை பரவிவிட்டது. மீதி நன்றாக இருக்கிறது.

பாமணிக்கரை | மாலை 5.38

ஐயா, தயவுசெய்து அந்த நோட்டுகளை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், என்னிடமும். நான் வீட்டுக்கே வருகிறேன். உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறேன். நனைந்ததையும்.

மன்னைக் கறவை | இரவு 7.50

நான் நாட்டு மாட்டுக்கு மாறப் போவதில்லை. ஆனால் சினை ஊசிச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், காளையின் எண்ணோடு. மூன்று முறை நிற்காத மாடுகளுக்கு ஒரே காளையா என்று இன்று உட்கார்ந்து பார்த்தேன். நான்கில் இரண்டுக்கு ஒரே எண். இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, தம்பி?

பாமணிக்கரை | இரவு 8.15

இரண்டை வைத்துச் சொல்ல முடியாது, சகோதரி. ஆனால் சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறீர்கள். அந்த மாடுகளின் தாய்க்குப் போட்ட ஊசியின் எண்ணும் இருந்தால் அனுப்புங்கள். ஒரே வம்சத்துக் காளையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கடைமடைக்காரன் | இரவு 9.05

அந்த இளைஞர்களில் ஒருவர் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தார். இப்போதுதான் பேசினேன். மூன்று நிபந்தனை சொன்னேன். என் மாட்டின் முடிவு தமிழில் எழுதி என் கைக்கு வர வேண்டும். கலப்பு இருந்தால் எத்தனை பங்கு என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எந்தக் காளையோடு எந்தப் பசுவைச் சேர்க்கக் கூடாது என்று எழுதித் தர வேண்டும். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தார். தன் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.

மூத்த பசு இந்த வாரம் ஈனும். இந்த முறை நானும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.