கில்லி மாதிரி முரட்டுப் பிள்ளை வரும் கதை வேண்டும்

நண்பர்களே, கேத்தரின் பேட்டர்சன் 1978-ல் எழுதிய 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' நாவலை எங்கள் வாசிப்பு வட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அமெரிக்காவில் வளர்ப்பு வீடு மாற்றி வீடு மாற்றி அனுப்பப்படும் 11 வயதுச் சிறுமி கில்லி. புது வீட்டுக்குப் போகிற வழியிலேயே கார்க் கதவின் கைப்பிடிக்கு அடியில் பபிள்கம்மை ஒட்டிவைப்பாள். அங்கே ஒரே சிரிப்பு. அப்புறம் பக்கத்து வீட்டுப் பார்வையற்ற பெரியவரின் பணத்தைத் திருடினாளா, எல்லோரும் கப்சிப்! (நல்ல பிள்ளைகளின் கதைகளையே கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே.)

இதன் தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால், பெற்றோரைப் பிரிந்து பிறர் வீட்டிலோ இல்லத்திலோ வளரும் பிள்ளையைப் பற்றிய தமிழ்ச் சிறார் நாவல் எதுவானாலும் சொல்லுங்கள். 10 முதல் 12 வயதுக்குப் பொருந்த வேண்டும். கடைசிப் பக்கத்தில் அம்மா வந்து கட்டிக்கொள்ள, எல்லாம் சரியாகிவிடுகிற கதை மட்டும் வேண்டாம்.