உடைந்த எலும்பு கூடாமல் அவதிப்பட்டவர்கள் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

அப்பாவின் விபத்தைப் பற்றி முன்பே எழுதியிருப்பதால் இங்கே விரிக்கவில்லை. செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் மோட்டார் சறுக்கியது, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு உடைந்தது, உள்ளே கம்பி வைத்தும் ஓராண்டு நெருங்கும்வரை கூடவில்லை. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒப்புதல் படிவத்தோடு மருத்துவர் வந்து உட்கார்ந்த நேரம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

உடைந்த முனைகள் இரண்டும் மழுங்கி, நடுவில் கறுப்பாக இடைவெளி விழுந்திருப்பதை அவர் எக்ஸ்ரேயில் காட்டினார். அப்பாவின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கி, எலும்புத் துகளோடு கலந்து அந்த இடைவெளியை நிரப்பப் போவதாகவும், மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்) எலும்பணுக்களாக மாறக்கூடியவை என்றும், துகள் அவை பற்றிக்கொள்ளச் சாரக்கட்டுப் போல நிற்கும் என்றும் விளக்கினார். அப்பா தலையசைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் துகள் மாட்டெலும்பிலிருந்து செய்யப்பட்டது, சம்மதமா என்று கேட்டதும் பேனா பிடித்த கை படிவத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் அவர். எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி ஏறியதே இல்லை. சிறிது நேரம் கழித்து, "டாக்டர், இந்தக் காலோடு நான் கோயில் படி ஏறலாமா?" என்று மலாயில் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லத் தமக்குத் தகுதியில்லை என்றும், விலங்கிலிருந்து எடுக்காத செயற்கைத் துகளும் இருக்கிறது என்றும், வீட்டில் பேசிவிட்டு மறுநாள் சொன்னால் போதும் என்றும் அந்த மருத்துவர் மிகப் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் செயற்கைத் துகளைத் தேர்ந்தெடுத்தோம். உங்கள் வீடுகளில் யாரிடமாவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

ஓய்வு பெற்ற தாதி, ஈப்போ

தம்பி, கேட்காமல் வைப்பவர்களைவிடக் கேட்டுவிட்டு வைப்பவர் நல்ல மருத்துவர். மாட்டெலும்பு ஒன்றும் புதிய வழக்கமில்லை. கிளந்தான், குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி, மாட்டெலும்பைச் சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கி, மருத்துவப் பயன்பாட்டுக்கு ஆயத்தம் செய்கிறது. உயிரணு எதுவும் மிச்சமிராத எலும்புச் சட்டகம் அது. ஆனாலும் உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. பன்றியிலிருந்து எடுத்ததா என்று முஸ்லிம் நோயாளிகள் கேட்பதையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

என் நினைவில் நிற்பது வேறொன்று. நான் அறுவைக்கூடத்தில் பணியாற்றியபோது, ரப்பர் மரத்தில் பால்வெட்டுபவர் ஒருவரின் மகனுக்கு மஜ்ஜை எடுத்தார்கள். ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் வெறும் இரத்தமே வரும் என்பதால், மருத்துவர் ஊசியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் சில மில்லிலிட்டர் மட்டுமே உறிஞ்சினார். சுழற்றிய குழாயை அவர் விளக்கொளியில் தூக்கிப் பிடித்தபோது, கீழே சிவப்பும் மேலே மஞ்சளுமாக, நடுவில் நூல் கனத்தில் வெளுப்பாக ஒரு படலம் தெரிந்தது. நமக்கு வேண்டியது அத்தனையும் அந்தப் படலத்தில்தான் இருந்தது. அதிலும்கூட எலும்பாக மாறவல்ல குருத்தணு பல்லாயிரத்தில் ஒன்றுதான்.

இதனால்தான் எண்ணிக்கை முக்கியமாகிறது. பிரெஞ்சு மருத்துவர் பிலிப் எர்னிகூவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலுக்குக் கீழே எலும்பு கூடாத 60 பேருக்குச் செறிவாக்கிய மஜ்ஜையை ஊசிவழி செலுத்தியதில் 53 பேருக்குக் கூடியது. கூடாமல் போன ஏழு பேருக்குச் செலுத்திய மஜ்ஜையில் அந்த அணுக்கள் குறைவாக இருந்தன. அந்தப் பையனுக்குக் கூடியதா என்று அறிவதற்குள் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

மூன்றாவது பிரட்டு மகள், பீடோர்

தாதியம்மா சொல்லும் படலத்தை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவை பெட்டிகள். அண்ணனுக்குத் தொடை எலும்பு கூடாமல் இருந்த சமயத்தில், நேரடி விற்பனையில் சேர்ந்திருந்த மாமா ஒருவர், ஆப்பிளிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் என்று சொல்லி அவற்றைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினார். சங்கிலியை அடகு வைத்து வாங்கிவந்த பணத்தை அம்மா அதே மேசையில் எண்ணி வைத்தார். மாமா பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து, "ஆப்பரேஷனே வேண்டாம் மாப்பிள்ளை, இது உள்ளே போய் ஒட்டிவிடும்" என்று நீட்டினார். அண்ணன் குடித்த அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

வாய்வழி போகும் எந்த அணுவும் வயிற்றில் செரித்துப் போகும். செடியின் அணு மனித எலும்பாக மாறவும் மாறாது. குருத்தணுச் சிகிச்சைக்கென்று நம் சுகாதார அமைச்சு 2009இலேயே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது; இருந்தும் தோட்டப்புறத்து வீடுகளில் இந்தப் பொட்டலங்கள் ஏறி இறங்குகின்றன. அண்ணனுக்குப் பின்னர் கம்பியை மாற்றி, இடுப்பெலும்பைச் சுரண்டி எடுத்து வைத்தபோதுதான் கூடியது. சங்கிலி மூழ்கிப் போயிற்று.

வளையக் காலன், கோலகங்சார்

தங்கை சொல்வது முழுக்க உண்மை. ஆனால் தோட்டத்துப் பிள்ளையும் தாதியம்மாவும் அணுக்களுக்கு அளவுக்கு மீறிய பெருமை கொடுப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என் கால் எலும்பில் சீழ் பிடித்து ஒரு துண்டையே வெட்டி எறிந்தார்கள். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் உருவாக்கிய வளையச் சட்டத்தை மாட்டி, மேலே நல்ல எலும்பை அறுத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் கீழ்நோக்கி நகர்த்தினார்கள். அந்த ஒரு மில்லிமீட்டரை நான்கு வேளையாகப் பிரித்து மரையைத் திருக வேண்டும். திருகியவள் என் மனைவி; ஒவ்வொரு முறையும் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். நகர்ந்த எலும்புக்குப் பின்னால் எக்ஸ்ரேயில் மங்கலாகப் புது எலும்பு படிந்திருந்ததைக் கண்ட அன்று இருவரும் அழுதோம். எனக்கு யாரும் எந்த அணுவையும் ஊசியால் செலுத்தவில்லை.

குருத்தணுவை ஆய்வகத்தில் பெருக்கி, எலும்பின் கனிமத்தைப் போன்ற, துளையுள்ள ஹைட்ராக்சிஅபடைட் கட்டியில் ஏற்றி, மூன்று நோயாளிகளின் பெரிய எலும்பு இடைவெளிகளை நிரப்பியதாக 2001இல் வெளிவந்த புகழ்பெற்ற அறிக்கையிலும், எலும்பை அசையாமல் பிடித்து நின்றது வெளியே மாட்டிய சட்டம்தான். முனைகள் ஆடிக்கொண்டிருந்தாலோ, சுற்றிலும் இரத்த ஓட்டம் இல்லாவிட்டாலோ, சீழ் இருந்தாலோ, எத்தனை இலட்சம் அணுக்களைக் கொட்டினாலும் அவை பட்டினியில் சாகும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் தோலுக்கடியில் உடனே எலும்பு; அதைப் போர்த்தத் தசையில்லை. அங்கே எலும்பு தாமதிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். சிகரெட்டை முதலில் நிறுத்துங்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், முட்டையும் மீனும் பருப்பும் குறையாமல் சாப்பிடுங்கள். எண்ணெய்க் கட்டுப் போடுகிறேன் என்று யாரிடமும் போய் உடைந்த காலைப் பிசையக் கொடுக்காதீர்கள். காலை ஊன்றச் சொன்னால் பயப்படாமல் ஊன்றுங்கள், ஊன்றாதே என்றால் தோட்டத்துத் திருவிழாவே வந்தாலும் ஊன்றாதீர்கள். வேலைக்குப் போகும் வழியில் விழுந்தவர்கள் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) படிவத்தை உடனே நிரப்புங்கள். எங்கள் பக்கத்து லயத்தில் தாமதித்து அல்லாடியவர்கள் உண்டு. புதிய சிகிச்சை என்று யார் சொன்னாலும், அது வழக்கமான சிகிச்சையா, ஆய்வில் உள்ளதா, ஆய்வென்றால் நம்மிடம் ஏன் பணம் கேட்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

அண்ணா, நான் அணுக்களைத் தனியாகப் புகழவில்லை. அதே அறுவையில் அப்பாவுக்குப் பழைய கம்பியை எடுத்துவிட்டு இன்னும் தடித்த கம்பி போட்டார்கள். அதை நான் எழுதாததற்குக் காரணம், எனக்குள் நின்றது அந்தக் கேள்வி என்பதுதான். துகள் செயற்கையானது என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகே அப்பா கையெழுத்திட்டார். அதை மூடநம்பிக்கை என்று யாரேனும் சொன்னால் ஏற்கமாட்டேன்; உடம்புக்குள் ஆயுள் முழுவதும் இருக்கப் போகும் பொருளைப் பற்றி ஒரு மனிதர் கேட்க வேண்டிய கேள்வி அது.

தாதியம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார், வலி இல்லை என்கிறார். ஆனால் அண்மையில் எடுத்த எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைத் துகள்கள் இன்னும் தனித்தனியாகத் தெரிகின்றன. அப்படியானால் எலும்பு கூடவில்லையா?

ஓய்வு பெற்ற தாதி, ஈப்போ

பயப்படாதீர்கள், தம்பி. வைத்தது ஹைட்ராக்சிஅபடைட் என்றால் அது மிக மெதுவாகவே கரையும். ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இன்னொரு வகைச் செயற்கைத் துகளான ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்றால் அதைவிட விரைவாகக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். எது வைத்தார்கள் என்று மருத்துவக் குறிப்பில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது துகளை அல்ல, எலும்பின் விளிம்பை. முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுப்பார்கள். அவற்றில் தெரியும் நான்கு விளிம்புகளில் மூன்றிலாவது புது எலும்பு பாலமாகச் சேர்ந்திருந்தால், கூடிவிட்டதாகவே பெரும்பாலும் மருத்துவர்கள் கொள்வார்கள். அடுத்த முறை படத்தைக் கையில் வாங்கி, அந்த நான்கையும் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.