4.55 மீட்டர் முற்றத்துக்கு ட்ரொப் கேர்ப் தரமாட்டார்களாம். பலகை போட்டு ஏற்றினால் என்ன?

வடலிக்காரன்:
லண்டன் வடமேற்கில் 1930களில் கட்டிய செமி வீடு. முன்முற்றத்தில் கார் விடலாம் என்று கேர்ப்பை, அதாவது நடைபாதையின் ஓரக் கல்லை, இறக்கித் தரச் சொல்லிக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டேன். கட்டின காசு திரும்பாது என்று முதலே எழுதியிருந்தார்கள், சரி போகட்டும் என்று கட்டினேன். ஆறு கிழமை கழித்து ஒருவர் வந்து அளவுநாடாவைப் பிடித்தார். 4.8 மீட்டர் ஆழம் வேண்டுமாம், எனக்கு 4.55 தானாம். சுவரிலிருந்து அளந்தால் 5 மீட்டருக்கு மேலே வரும், ஆனால் பே ஜன்னல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்பதால் அதன் நுனியிலிருந்துதான் அளப்பார்களாம். என்னிடம் இருப்பது யாரிஸ் என்ற சின்னக் கார், முழு நீளமே 4 மீட்டர் இல்லை! பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடமாக ஒரு மரப்பலகையைக் கேர்ப்போடு அண்டக்கொடுத்துக் காரை ஏற்றி இறக்குகிறார், ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. எதிர் வீட்டு முற்றம் என்னுடையதை விடச் சின்னது, அங்கே கேர்ப் எப்போதோ இறக்கியாயிற்று. நானும் பலகையைப் போட்டால் என்ன?

மூன்றாம் கியர்:
போடுங்கோ அண்ணை, யோசிக்கவே வேண்டாம். 4.8 என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 184ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள், மீட்டர் கணக்கே அதில் கிடையாது. அது கவுன்சில் தானே எழுதிவைத்த கொள்கை, அதனால்தான் ஒரு கவுன்சிலில் ஒரு அளவு, அடுத்த கவுன்சிலில் இன்னொன்று. வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட்டின் 145ஆம் விதியும் உங்கள் பக்கம்தான். நடைபாதை மேல் வாகனம் ஓட்டக்கூடாது, ஆனால் சட்டப்படி ஒரு சொத்துக்குள் நுழைவதற்கு ஓட்டலாம் என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. உங்கள் வீடு உங்கள் சொத்து இல்லையா?

தார்ரோட்டுத் தம்பி:
பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு மற்றவரை மாட்டிவிடாதீர்கள். அதே 184தான் சொல்கிறது, ஒரு வீட்டுக்காரர் வழக்கமாக நடைபாதை மேலே காரை ஏற்றிக்கொண்டிருந்தால் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தானே கடவையை, அதாவது நடைபாதைக்குக் குறுக்கே கார் ஏறும் வழியை, கட்டிச் செலவை அவரிடம் அறவிடலாம், இல்லாவிட்டால் நிபந்தனை போடலாம், அந்த நிபந்தனையைத் தெரிந்துகொண்டு மீறினால் குற்றம். 'வழக்கமாக' என்ற சொல்தான் முக்கியம். வீடு மாறும்போது ஒரு நாள் வான் ஏறினால் யாரும் கேட்கப்போவதில்லை, தினம் காலையும் மாலையும் ஏற்றினால் அது வேறு கதை. மீட்டர் கணக்கு அந்தப் பிரிவில் இல்லை என்பது சரி. விண்ணப்பத்தை மறுக்கும் அதிகாரம் அதில் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று. ஒன்பது வருடம் நான் நடைபாதை போடும் கும்பலில் வேலை செய்தவன். அந்தச் சிலாப் மனிதர் நடக்கப் போட்டது, ஒரு தொன் காருக்குப் போட்டதல்ல. அதற்குக் கீழே மண்வெட்டி போட்டால் தொலைபேசிக் கேபிள் முழங்கால் ஆழம்கூட இல்லை, கொஞ்சம் கீழே கரண்ட், பிறகு காஸ். ஒழுங்கான கடவை என்றால் அந்த இடத்தைத் தோண்டி, கல் இட்டு இறுக்கி, தடிப்பாக மேலே போட வேண்டும். ஆயிரம் பவுணுக்கு மேலே போகிறது என்று எல்லோரும் அழுகிறீர்கள், காசில் பெரும்பகுதி அந்தக் குழிக்குள்தான் போகிறது. கேர்ப் கல்லை இறக்கிவைப்பது சின்ன வேலை.

மூன்றாம் கியர்:
குப்பை லொறி கிழமைக்கு ஒரு தரம் அதே நடைபாதையில் ஒரு பக்கச் சில்லை ஏற்றிக்கொண்டு போகிறது தம்பி. அதற்கு யார் நோட்டீஸ் கொடுப்பது? அது கிடக்கட்டும், எதிர் வீட்டுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள். முந்தி வந்தவனுக்கு ஒரு சட்டம், பிந்தி வந்தவனுக்கு இன்னொரு சட்டம். ஊரில் ஒழுங்கைக்குள் படலை வைக்கிற சண்டை மாதிரித்தான் இதுவும்.

தார்ரோட்டுத் தம்பி:
எதிர் வீட்டுக்கு முந்தைய விதியில் கொடுத்திருப்பார்கள், அது நியாயமில்லை என்று நானும் சொல்லுவேன். அதற்காக அதே பிழையை இன்னொரு தரம் செய்யச் சொல்கிறீர்களா? யாரிஸ் கதையும் எடுபடாது. கடவை காருக்கு இல்லை, வீட்டுக்குக் கொடுப்பது. நாளைக்கு இவர் வீட்டை விற்று, வாங்குகிறவர் நீட்டு வானோடு வந்தால் அதன் பின்பக்கம் எங்கே நிற்கும்?

இரட்டைப்பிராம்:
நான் சொல்கிறேன் எங்கே நிற்கும் என்று. நடைபாதையில் நிற்கும், நான் இரட்டைப் பிள்ளைகளின் பிராமைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்குவேன். எங்கள் தெருவில் மூன்று வீட்டு முற்றத்தில் இப்படிக் குண்டி வெளியே நீட்டிக்கொண்டு கார் நிற்கிறது. லண்டனில் நடைபாதையில் கார் விடுவதற்கு 1974இலேயே தடை வந்துவிட்டது, அது பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது. மாமிக்கு ஒரு கண் பார்வை குறைவு, பொல்லுத் தட்டி நடப்பவர். பலகை தண்ணீர் ஓடும் ஓரத்தில் கிடந்தது, ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் ஏறும்போது தடக்கி முழங்கால் உடைந்தது. யாரிடம் போய்க் கேட்பது? பலகைக்கு நம்பர் பிளேட் இல்லையே.

வடலிக்காரன்:
மாமி இப்போது எப்படி, தங்கச்சி? நான் பலகையைத் தினம் எடுத்து உள்ளே வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். சரி, அது வேண்டாம். காரைக் கொஞ்சம் சரித்து விட்டால் 4.8 வராதா என்று இன்றைக்கு அளந்தேன், மூலைக்கு மூலை வந்துவிடும்!

தார்ரோட்டுத் தம்பி:
சரித்து விடுவதை ஏற்கமாட்டார்கள் அண்ணை, நடைபாதைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். வேறு அளவுக்கு இடம் தருகிறார்களா என்று உங்கள் கவுன்சிலின் கொள்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்துப் பாருங்கள். ஒருவேளை கிடைத்தாலும் முற்றம் முழுக்கக் கொங்கிரீட் ஊற்றிவிடாதீர்கள். 2007 கோடை வெள்ளத்துக்குப் பிறகு, 2008 அக்டோபரிலிருந்து, முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேலே தண்ணீர் இறங்காத தரை போட்டு அதை ரோட்டுக்கு ஓடவிட்டால் தனியாகத் திட்டமிடல் அனுமதி வேண்டும். சல்லிக்கல் போட்டால் அந்தத் தலையிடி இல்லை.

நடராசா சர்வீஸ்:
நான் கார் இல்லாதவன், அதனால் ஒருவரும் கேட்காததைக் கேட்கிறேன். ஒரு கேர்ப்பை இறக்கினால் அதற்கு முன்னால் ரோட்டில் யாரும் கார் விட முடியாது, 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தில் 86ஆம் பிரிவு. வீட்டுக்காரர் சம்மதித்தால் விடலாம், மற்றவர் விட்டால் தண்டம். ஊருக்குப் பொதுவாக இருந்த ஒரு இடம் ஒரு வீட்டுக்குச் சொந்தமாகிறது, அந்த வீட்டின் விலையும் ஏறுகிறது. ஆயிரம், இரண்டாயிரம் பவுணுக்கு லண்டனில் வேறு எங்கே காணி வாங்கலாம்? என்னைக் கேட்டால் 4.8 காணாது, 6 கேட்க வேண்டும்.

மூன்றாம் கியர்:
கார் இல்லாதவர் கார்க்காரனுக்குப் புத்தி சொல்வது இந்த நாட்டில்தான். முற்றத்துக்குள் விட்டால் ரோட்டில் ஒரு கார் குறைகிறதே, அந்தக் கணக்கு எங்கே போனது? நாளைக்கு எல்லோரும் மின்சாரக் கார் எடுக்க வேண்டும் என்கிறார்கள், நடைபாதைக்குக் குறுக்கே வயர் இழுக்கவும் விடமாட்டார்கள், முற்றத்துக்குள் விடவும் விடமாட்டார்கள். எங்கே சார்ஜ் போடுவது, விளக்குக் கம்பத்திலா?

நடராசா சர்வீஸ்:
விளக்குக் கம்பத்தில்தான். லண்டனில் பல தெருக்களில் பூட்டியிருக்கிறார்கள், ஒருக்கால் நடந்து பாருங்கள். ஒரு கார் குறைகிறது என்கிறீர்கள், குறைகிற இடத்தில் இறக்கின கேர்ப் இருக்கிறதே, அங்கே யார் விடுவது? போதாததற்கு உள்ளே ஒன்றை விட்டுவிட்டு வெளியே இரண்டாவதை வாங்குகிறார்கள்.

மூன்றாம் கியர்:
எல்லோருமா வாங்குகிறார்கள்? சும்மா அடித்துவிடாதீர்கள். வடலி அண்ணை, உங்கள் ரோட்டில் எப்படி?

வடலிக்காரன்:
இப்போதுதான் ஜன்னலால் பார்த்தேன். என் வீட்டுக்கு நேர் முன்னால் ஒரு கார் விடும் இடம் இருக்கிறது. அதில் பலகைக்காரரின் இரண்டாவது கார் நிற்கிறது.